வேலையை விடாமல் சட்டத்தில் பிஎச்.டி.: சேர்வதற்கு முன் கேள்வியைத் தேடுங்கள்

பொதுத்துறை வங்கி ஒன்றின் சட்டப் பிரிவில் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். பி.எல். முடித்துப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது, வேலையை விட முடியாது. பகுதி நேரமாகச் சட்ட முதுநிலைப் படிப்பான எல்.எல்.எம்., பிறகு பிஎச்.டி. என்று போக வழி உண்டா, என்ன தலைப்பு எடுக்கலாம், இந்த வயதில் அதனால் பயன் என்ன என்பது அவருடைய கேள்வி. பகுதி நேர ஆய்வாளர்களுக்குக் கைடாக இருக்கும் சட்ட ஆசிரியன் நான். எனக்குத் தெரிந்தவரை விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். பிஎச்.டி.யைப் பகுதி நேரமாகச் செய்ய விதிகளில் தெளிவாக இடம் இருக்கிறது. எல்.எல்.எம்.முக்குத்தான் அந்தத் தெளிவு இல்லை, பலர் பணத்தையும் வருடங்களையும் இழப்பதும் அங்கேதான்.

இணையத்தில் தேடினால் "எக்ஸிக்யூட்டிவ் எல்.எல்.எம்.", "ஆன்லைன் எல்.எல்.எம்.", "புரொஃபஷனல் எல்.எல்.எம்." என்று வரிசையாக விளம்பரங்கள் வரும். வார இறுதியில் வகுப்பு, வீட்டிலிருந்தே தேர்வு என்பார்கள். முன் அனுமதி இல்லாமல் இப்படித் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ ஹைபிரிட் முறையிலோ நடத்தப்படும் எல்.எல்.எம். படிப்புகளுக்கு அங்கீகாரம் இல்லை என்று இந்திய பார் கவுன்சில் 2025 ஜூனில் வெளிப்படையாகவே எச்சரித்தது. படிப்பின் பெயரை கொஞ்சம் மாற்றி வைத்தாலும் நிலைமை மாறாது. அந்தச் சான்றிதழை நம்பி பிஎச்.டி.க்கு விண்ணப்பித்தால் தகுதிச் சரிபார்ப்பிலேயே நின்றுபோகும். படிப்பில் கற்றது வீண் என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் அடுத்த படி பிஎச்.டி. என்றால் அந்தப் படிக்கு இது உதவாது.

வேலை பார்ப்பவர்களுக்கான முறையான எல்.எல்.எம்.மே இல்லையா என்றால், கொஞ்சம் இருக்கிறது. டெல்லி பல்கலைக்கழகத்தின் சட்டப்புலம் மாலை நேரத்தில் மூன்றாண்டு எல்.எல்.எம். நடத்தி வந்திருக்கிறது. ஆனால் அது அந்த ஊரில் வேலை பார்ப்பவர்களுக்குத்தான் சரிப்படும். மற்றவர்கள் யோசிக்க வேண்டியது ஓராண்டு எல்.எல்.எம். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2012-ல் வகுத்த வழிகாட்டுதலின்படி தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களும் வேறு சில நிறுவனங்களும் இதை நடத்துகின்றன. பார் கவுன்சில் 2020-ல் கொண்டுவந்த விதிகள் இதை நிறுத்தப் பார்த்தன. அந்த விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. அதனால் விண்ணப்பிக்கும் ஆண்டில் நிலவரம் என்ன என்பதைப் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். வழக்கமான எல்.எல்.எம்.முக்கு வேண்டிய இரண்டாண்டு விடுப்பைத் தராத நிர்வாகம் ஓராண்டு படிப்பு விடுப்பு தரக்கூடும். உங்கள் வங்கியின் விடுப்பு விதிகளை முழுதாகப் படித்துவிட்டு மேலதிகாரியிடம் பேசுங்கள். நேராக பிஎச்.டி.க்குப் போகலாமே என்று தோன்றலாம். நான்காண்டு இளநிலைப் படிப்பில் 75 சதவீதம் எடுத்தவர்களுக்கு யுஜிசி அந்தக் கதவைத் திறந்திருக்கிறது என்றாலும், சட்டத்தில் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் 55 சதவீதத்துடன் எல்.எல்.எம். கேட்கின்றன. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்கு அதில் 5 சதவீதத் தளர்வு உண்டு.

பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி தொலைநிலையில் நடத்தும் வணிகச் சட்ட முதுநிலைப் படிப்பு, ஹைதராபாத் நல்சார் சட்டப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களின் முதுநிலை டிப்ளமோக்கள் எல்லாம் தனி வகை. ஒரு துறையை ஆழமாகத் தெரிந்துகொள்ள நல்லவை. கம்பெனி செக்ரட்டரிகளும் மனிதவள அதிகாரிகளும் பயனடைவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் எல்.எல்.எம்.முக்கு மாற்றாக அவற்றை நினைத்துக்கொண்டு சேரக் கூடாது.

இனி பிஎச்.டி. 2022 நவம்பர் 7-ல் வெளியான யுஜிசி விதிமுறைகள்தான் இன்றைக்கு அடிப்படை. பகுதி நேர பிஎச்.டி.க்கு அவை வெளிப்படையாக அனுமதி தருகின்றன. தொலைநிலையிலோ ஆன்லைனிலோ பிஎச்.டி. கூடவே கூடாது. வேலையில் இருப்பவர் தன் நிர்வாகத்திடம் ஆட்சேபணை இல்லை என்ற சான்று (என்.ஓ.சி.) வாங்கித் தர வேண்டும். அதில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும்: பகுதி நேரமாகப் படிக்க அனுமதி, ஆராய்ச்சிக்குப் போதிய நேரம் ஒதுக்க அலுவல் இடம் தரும் என்ற உறுதி, தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க் எனும் தொடக்கப் பாடங்களை முடிக்கப் பணியிலிருந்து விடுவிப்பு. மூன்றாவதைத்தான் நிர்வாகங்கள் எழுதித் தரத் தயங்கும். "ஆட்சேபணை இல்லை" என்ற ஒற்றை வரிச் சான்றோடு வந்து, கோர்ஸ் ஒர்க் தொடங்கியதும் விடுப்புக்காகத் திண்டாடுபவர்கள் நிறையப் பேர். வாங்கும்போதே சரியான வாசகத்தோடு வாங்குங்கள். தனியாகப் பிராக்டிஸ் செய்யும் வக்கீல்களுக்குச் சான்று தர நிர்வாகம் என்று யாரும் இல்லை. அவர்கள் பதிலுக்கு என்ன தர வேண்டும் என்பதைச் சேருமிடத்திலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

காலக்கெடு தாராளம்தான். கோர்ஸ் ஒர்க்கையும் சேர்த்துக் குறைந்தது மூன்றாண்டு, அதிகபட்சம் ஆறாண்டு. மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டாண்டு. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் இயலாமை உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் இரண்டாண்டு உண்டு. மொத்தத்தில் பத்தாண்டைத் தாண்டக் கூடாது. மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக 240 நாள் வரை கிடைக்கும். குடும்பத்தையும் கோர்ட்டையும் சேர்த்துச் சுமக்கும் பெண் வக்கீல்கள் பலர் இந்த விதியைத் தெரியாமலேயே ஆய்வைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் இது. தெரிந்தவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

2024-25 முதல் தேசியத் தகுதித் தேர்வான நெட்டின் மதிப்பெண்ணைக் கொண்டே பிஎச்.டி.யில் சேரலாம். ஜேஆர்எஃப் எனும் ஆய்வு உதவித்தொகை கிடைக்காதவர்கள் அந்த மதிப்பெண்ணைப் பயன்படுத்தினால் அதற்கு 70 சதவீதமும் நேர்காணலுக்கு 30 சதவீதமும் கணக்கு, ஓராண்டுக்குத்தான் அது செல்லும். சொந்த நுழைவுத் தேர்வு வைக்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு. தமிழ்நாட்டில் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் அறிவிப்பை முதலில் பாருங்கள். திருச்சியின் தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தையும், சட்டத்துறை உள்ள தனியார் பல்கலைக்கழகங்களையும் பார்க்கலாம்.

கைடு விஷயத்தில் பேரைப் பார்த்து மயங்காதீர்கள். ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேர், இணைப் பேராசிரியர் 6 பேர், உதவிப் பேராசிரியர் 4 பேர் வரைதான் வைத்துக்கொள்ளலாம். ஓய்வுபெற மூன்றாண்டுக்கும் குறைவாக உள்ளவர் புதிதாக யாரையும் சேர்க்க முடியாது. எனவே உங்களுக்குப் பிடித்த பெரிய பேராசிரியரிடம் இடம் இல்லாமல் போகலாம். என்னைக் கேட்டால், பகுதி நேர ஆய்வாளருக்கு இளம் உதவிப் பேராசிரியர்தான் பல சமயம் நல்ல துணை. அத்தியாயத்தை வரிவரியாகப் படித்துத் திருப்பித் தர அவருக்குத்தான் நேரமும் ஆர்வமும் இருக்கும். அவர் கையில் முடித்த பகுதி நேர ஆய்வாளர் யாராவது இருந்தால் அவரிடம் பத்து நிமிடம் பேசுங்கள். மாலை ஏழு மணிக்கு மேல் போன் எடுப்பாரா என்பது உங்களுக்கு உண்மையிலேயே முக்கியமான கேள்வி.

இதெல்லாம் நடைமுறை. எனக்கு அக்கறையான பகுதிக்கு வருகிறேன்.

பகுதி நேர ஆய்வுகள் பெரும்பாலும் நின்றுபோவது நேரமில்லாததால் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் பார்த்தவரை, நின்றுபோனவற்றில் பல தலைப்பிலேயே நின்றுபோனவை. "இந்தியாவில் பெண்களின் உரிமைகள்: ஒரு பார்வை", "வங்கிச் சட்டங்கள்: ஓர் ஆய்வு" என்று வருவார்கள். இவற்றில் கேள்வி எங்கே? கேள்வி இல்லாத தலைப்புக்கு எல்லையும் இல்லை. சனிக்கிழமை உட்கார்ந்தால் எதைப் படிப்பது, எங்கே நிறுத்துவது என்று தெரியாது. முழு நேர மாணவருக்குத் தடுமாறித் தேடிக் கண்டுபிடிக்க அவகாசம் இருக்கிறது. உங்களுக்கு அது இல்லை. ஆனால் அவரிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது: சட்டம் தினமும் எங்கே இடிக்கிறது என்பது உங்கள் மேசைக்கே வருகிறது.

உங்கள் வேலையையே எடுத்துக்கொள்வோம். கடன் கட்டாதவரின் அடமானச் சொத்தைச் சுவாதீனம் எடுக்க, 2002-ம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் 14-வது பிரிவின்படி மாவட்ட ஆட்சியரிடம் வங்கி விண்ணப்பிக்கிறது. 2016-ல் வந்த திருத்தம், 30 நாளில் உத்தரவு போட வேண்டும், காரணத்தை எழுதி வைத்தால் மொத்தம் 60 நாள் வரை போகலாம் என்கிறது. நடைமுறையில் எத்தனை நாள் ஆகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அறுபதாம் நாள் தாண்டினால் ஆட்சியரின் அதிகாரம் போய்விடுமா? கேரளத்திலிருந்து வந்த சி. பிரைட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில், போகாது, இந்தக் கெடு வழிகாட்டும் தன்மை கொண்டது, கட்டாயமல்ல என்று தீர்த்தது. ஆட்சியர் தாமதித்தால் அதற்குக் கடன் கொடுத்தவர் ஏன் நஷ்டப்பட வேண்டும் என்பது அதன் தர்க்கம்.

அலுவலகத்தில் இந்தத் தீர்ப்பைப் படித்தால், நமக்குச் சாதகம் என்று குறித்துவைத்துவிட்டு அடுத்த கோப்புக்குப் போவீர்கள். ஆராய்ச்சியாளர் அங்கே நிற்க வேண்டும். அதே 2020-ன் மார்ச்சில், ஹில்லி மல்டிபர்ப்பஸ் கோல்ட் ஸ்டோரேஜ் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, நுகர்வோர் வழக்கில் எதிர்தரப்பு பதில் தாக்கல் செய்ய 30 நாளும் கூடுதலாக 15 நாளும்தான், அதற்கு மேல் ஒரு நாளும் தர முடியாது என்றது. சாதாரண உரிமையியல் வழக்கில் பிரதிவாதியின் பதிலான எழுத்துரைக்குரிய 90 நாள் கெடு கட்டாயமல்ல என்று 2005-ல் கைலாஷ் எதிர் நன்ஹ்கு வழக்கு சொன்னது. வணிக வழக்குகளிலோ 120 நாளோடு கதவு மூடிவிடும் என்று 2019-ல் எஸ்.சி.ஜி. கான்ட்ராக்ட்ஸ் வழக்கு சொன்னது. நாடாளுமன்றம் "இத்தனை நாளுக்குள்" என்றுதான் எல்லாச் சட்டங்களிலும் எழுதுகிறது. சில இடத்தில் அது இரும்பு வேலி, சில இடத்தில் வெறும் கோடு. எதை வைத்து நீதிமன்றம் பிரிக்கிறது? தாமதிப்பவர் அரசு அதிகாரியா தனியாரா என்பதை வைத்தா? மீறினால் என்ன ஆகும் என்று சட்டம் சொல்லியிருக்கிறதா என்பதை வைத்தா? யாருக்கு இழப்பு என்பதை வைத்தா? பிரிக்கும் அளவுகோல் எல்லா வழக்கிலும் ஒன்றாக இருக்கிறதா?

இது ஒரு கேள்வி. இதற்கு முடிவு உண்டு, எல்லை உண்டு. தீர்ப்புகளையும் சட்ட வாசகத்தையும் வைத்து மட்டுமே இதைச் செய்யலாம், கோட்பாட்டு ஆய்வு என்பது அதுதான். இதோடு களமும் சேர்க்கலாம்: ஒரு மாவட்டத்தில் ஐந்து ஆண்டுகளின் 14-வது பிரிவு விண்ணப்பங்களுக்கு உத்தரவு வர எத்தனை நாள் ஆனது, காரணம் எழுதி வைக்கப்பட்டதா, கெடு கட்டாயமல்ல என்ற தீர்ப்புக்குப் பிறகு நாட்கள் கூடினவா குறைந்தனவா. ஆட்சியர் முடிவெடுக்க உத்தரவிடக் கோரி உயர் நீதிமன்றத்துக்கு வந்த ரிட் மனுக்களின் தீர்ப்புகளிலேயே தேதிகள் கிடைக்கும். மீதியைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

பதிவுத்துறையில் இருப்பவர் என்றால் அவர் மேசையில் வேறு கேள்வி. முந்தைய மூலப் பத்திரத்தைக் காட்டாவிட்டால் பதிவை மறுக்கலாம் என்ற தமிழ்நாட்டின் 55-ஏ விதியை, கே. கோபி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் செல்லாது என்றது. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று பார்ப்பது சார்பதிவாளரின் வேலை இல்லை என்பது அதன் சாரம். அப்படியானால் போலிப் பத்திரத்தைத் தடுக்கும் பொறுப்பு யாருடையது? காவல் துறையில் இருப்பவருக்கும் குற்றவியல் வக்கீலுக்கும் 2024 ஜூலை 1-ல் மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் வந்ததே பெரிய களம். அவற்றில் எதுவும் முழுதாக உழப்படவில்லை.

ஆனால் மேசைக்கு வருவதையெல்லாம் அப்படியே எடுத்து ஆய்வில் போட முடியாது. வங்கியின் கோப்பு வங்கியுடையது, உள்ளே இருப்பது வாடிக்கையாளரின் விவகாரம். எழுத்துபூர்வ அனுமதி வேண்டும், பெயர்களை நீக்க வேண்டும். வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான பேச்சு, முன்பு சாட்சியச் சட்டத்தின் 126-வது பிரிவிலும் இப்போது பாரதிய சாட்சிய அதினியமின் 132-வது பிரிவிலும் காக்கப்படுகிறது. அரசு ஊழியருக்கு நடத்தை விதிகள் இருக்கின்றன. பொதுவில் கிடைக்கும் தீர்ப்பையும் முறையாகக் கேட்டு வாங்கிய தகவலையும் மட்டும் வைத்து ஆய்வை அமைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. கேள்வியை மேசையிலிருந்து எடுங்கள், ஆதாரத்தை வெளியிலிருந்து எடுங்கள்.

வேலை பார்ப்பவர்களிடம், குறிப்பாக வக்கீல்களிடம், மாற வேண்டிய பழக்கங்கள் இரண்டு உண்டு. கோர்ட்டுக்கு நாம் நமக்குச் சாதகமான தீர்ப்பைத்தான் தேடுவோம். ஆய்வேட்டில் நம் முடிவுக்கு எதிரான தீர்ப்பைத்தான் முதலில் தேட வேண்டும், அதன் வலிமையான வாதத்தை நேர்மையாக எழுத வேண்டும். அனுபவசாலிகளுக்குத்தான் இது கடினம். இரண்டாவது, தீர்ப்பின் தலைப்பில் உள்ள சுருக்கமான ஹெட்நோட்டை மட்டும் படித்துவிட்டு மேற்கோள் காட்டுவது. தீர்ப்பை முழுதாகப் படித்து, எது முடிவுக்கு அடிப்படையான காரணம், எது போகிற போக்கில் சொன்னது என்று பிரிக்கத் தெரியாவிட்டால் ஆய்வேடு வாய்மொழித் தேர்வான வைவாவில் நிற்காது. எத்தனை நீதிபதிகள் அமர்வு, பிறகு யாராவது அதை மாற்றினார்களா என்பதையும் பார்க்க வேண்டும். இப்போது ஏஐ கருவிகள் வேறு. நியூயார்க்கில் மாட்டா எதிர் ஏவியாங்கா வழக்கில், சாட்ஜிபிடி கற்பனையாகத் தந்த தீர்ப்புகளைத் தாக்கல் செய்த வக்கீல்களுக்கு 2023 ஜூனில் நீதிபதி 5,000 டாலர் அபராதம் போட்டார். மூலத் தீர்ப்பை நீங்களே திறந்து பார்க்காமல் ஒரு வழக்கின் பெயரைக்கூட எழுதாதீர்கள்.

திறந்து பார்ப்பது இப்போது இலவசம். ஒரு காலத்தில் தீர்ப்புத் திரட்டுகள் இருக்கும் நூலகத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்தான் ஆய்வு செய்ய முடியும். 2008-ல் தீர்ப்புகளை இலவசமாகத் தேட உதவும் இந்தியன் கானூன் தளம் வந்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே தன் அதிகாரபூர்வத் திரட்டை இ-எஸ்சிஆர் என்று இணையத்தில் இலவசமாகத் திறந்தது. சட்ட ஆணைய அறிக்கைகள், நாடாளுமன்ற விவாதங்கள், நிலைக்குழு அறிக்கைகள் எல்லாம் வலைத்தளங்களில் இருக்கின்றன. ஒரு திருத்தம் ஏன் வந்தது என்பதை மசோதாவின் நோக்க உரையில் தொடங்கித் தேடுங்கள். தேனியில் இருந்துகொண்டு இரவு பத்து மணிக்கு இதைச் செய்யலாம் என்பது சின்ன விஷயமில்லை.

ஆய்வேட்டின் வாசகம் வேறு எங்கிருந்தாவது எடுக்கப்பட்டதா என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனையைப் பற்றிச் சட்ட ஆய்வாளர்களுக்கு வீண் பயம் அதிகம். யுஜிசியின் 2018 விதிமுறைப்படி 10 சதவீதம் வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. சட்டப் பிரிவுகளும், மூலம் சொல்லி மேற்கோளாகக் காட்டிய பகுதிகளும் கணக்கிலேயே வராது. அதற்காகப் பக்கம் பக்கமாகத் தீர்ப்பை ஒட்டாதீர்கள். இரண்டு வரி மேற்கோள், இருபது வரி உங்கள் அலசல் என்று இருக்கட்டும். ஜர்னலில் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 விதிமுறைகள் எடுத்துவிட்டன. உங்கள் பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கலாம், அது வேறு. பணம் வாங்கிக்கொண்டு ஒரு வாரத்தில் அச்சிடும் ஜர்னல்கள் பக்கமே போகாதீர்கள்.

பயன் என்ன? பதவி உயர்வு கிடைக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. பல நிறுவனங்களின் விதிகளில் பிஎச்.டி.க்கு இடமே இல்லை. பிற்காலத்தில் கற்பிக்க விரும்பினால் உதவும். அதைத் தாண்டிய ஒன்றையும் சொல்ல வேண்டும். 1978-ல், காவல் நிலையத்தில் ஒரு பழங்குடிச் சிறுமியை வன்புணர்ந்த வழக்கில் இரு காவலர்களை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அடுத்த ஆண்டு உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், ரகுநாத் கேல்கர், வசுதா தகம்வார் என்ற நான்கு சட்ட ஆசிரியர்கள் தலைமை நீதிபதிக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். தீர்ப்பில் 'சம்மதம்' எப்படித் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்பதைச் சட்டத்தின் மொழியிலேயே காட்டினார்கள். நாடெங்கும் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1983-ல் சட்டம் திருத்தப்பட்டது. கவனமான வாசிப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதை என் மாணவர்களிடம் எப்போதும் சொல்வேன். ஒவ்வொரு ஆய்வேடும் அப்படி ஆகாது. ஆனால் 14-வது பிரிவின் கெடு பற்றி நாளைக்கு ஒரு நிலைக்குழு யோசித்தால், அதன் முன் வைக்க நாள் கணக்கோடு ஒரு ஆய்வு இருக்க வேண்டும். அதைச் செய்ய உங்களைப் போன்றவர்களைவிடப் பொருத்தமானவர் யார்?

வயதைப் பற்றிக் கவலை வேண்டாம், யுஜிசி விதிமுறைகளில் உச்ச வயது வரம்பு இல்லை. நேரத்தைப் பொறுத்தவரை, மாதத்துக்கு ஒரு முழு ஞாயிறைவிட வாரத்தில் மூன்று காலை ஒரு மணி நேரம் மேல். இடைவெளி விழுந்தால் விட்ட இடத்தைப் பிடிக்கவே பாதி நேரம் போய்விடும்.

எல்.எல்.எம்.முக்கு விடுப்பு கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்றே ஒரு நோட்டில், அலுவலகத்தில் சட்டம் இடிக்கும் இடங்களைத் தேதி போட்டுக் குறிக்கத் தொடங்குங்கள், யார் பெயரும் இல்லாமல். பெரிய இடைவெளிக்குப் பிறகும் எந்தக் கேள்வி உங்களைத் தொந்தரவு செய்கிறதோ, அதற்கு ஏற்கெனவே யாராவது பதில் எழுதியிருக்கிறார்களா என்று ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் தேடுங்கள். இல்லையென்றால் ஒரு பக்கம் எழுதுங்கள்: கேள்வி என்ன, இதுவரை யார் என்ன சொன்னார்கள், ஆதாரம் எங்கே கிடைக்கும். எல்.எல்.எம்.மில் சேர்ந்ததும் அதையே படிப்பின் ஆய்வுக் கட்டுரையாக (டிஸர்ட்டேஷன்) எடுத்துக்கொண்டால், பிஎச்.டி.க்கான ஆய்வுத் திட்டச் சுருக்கத்தின் (சினாப்சிஸ்) பாதி அங்கேயே தயாராகிவிடும். கைடைப் பார்க்கப் போகும்போது அந்த ஒரு பக்கத்தைக் கையில் கொண்டு போங்கள்.